ஒரு அடித் தண்ணீருக்குத் திறக்குமா? சோலார் ஹீட்டருக்கான என்.ஆர்.வி. வால்வுகள்: ஓர் அலசல்

ஹார்டுவேர் கடையில் போய் "சோலாருக்கு ஒரு என்.ஆர்.வி. கொடுங்க" என்றால் "முக்காலா, ஒரு இன்ச்சா?" என்று மட்டும்தான் கேட்பார்கள். என்.ஆர்.வி. (நான் ரிட்டர்ன் வால்வு) என்பது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் போகவிட்டு, திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. அளவைச் சொன்னதும் ஸ்பிரிங் வைத்த பித்தளை வால்வு ஒன்று கவுன்டருக்கு வந்துவிடும். பம்ப் லைனுக்கு அது அருமையான சாமான். அதையே மொட்டை மாடியில் மேல் டேங்குக்கும் சோலார் டேங்குக்கும் நடுவில் மாட்டினால் பாதி வீடுகளில் வம்புதான். கடைக்காரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "எங்கே மாட்டப் போறீங்க?" என்பது.

இங்கே பார்ப்பது நம் பக்கம் சாதாரணமாக வீடுகளில் இருக்கும் ஏற்பாட்டை: 100 முதல் 300 லிட்டர் வரை கொள்ளும் டேங்க், வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் கண்ணாடிக் குழாய் அல்லது தகடு வகை கலெக்டர், சுற்றோட்டத்துக்குப் பம்ப் கிடையாது, டேங்கின் தலையில் காற்று போக ஏர் வென்ட் பைப், குளிர்ந்த நீர் மேல் டேங்கிலிருந்து தானாக இறங்குவது.

முதலில், இந்த வால்வு எதற்கு? பல வீடுகளில் சோலாருக்குப் போகும் குளிர்நீர் லைனைத் தனியாக எடுக்காமல், பாத்ரூமுக்கு இறங்கும் பைப்பிலேயே ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு எடுத்திருப்பார்கள். மேல் டேங்க் காலியான நேரத்தில் கீழே யாராவது சாதாரணக் குழாயைத் திறந்தால், சோலார் டேங்கில் இருக்கும் சுடுநீர் அந்த டீ வழியாகப் பின்னால் இறங்கி வரும். பச்சைத் தண்ணீர் குழாயில் கொதிநீர் கொட்டுவது ஒரு ஆபத்து. டேங்க் வற்றிய பிறகு நடப்பது அதைவிடச் செலவு வைக்கும். தண்ணீர் இல்லாத கண்ணாடிக் குழாய் நல்ல வெயிலில் 200 டிகிரியைத் தாண்டும். அந்த நேரம் பார்த்து மோட்டார் போட்டுப் பச்சைத் தண்ணீர் உள்ளே பாய்ந்தால் குழாய் பட்டென்று வெடிக்கும். டேங்கில் மின்சார ஹீட்டரும் இருந்து, அது ஆனில் கிடந்தால் காயிலும் போச்சு. இப்படி டீ போட்ட வீட்டில் குளிர்நீர் லைனில் என்.ஆர்.வி. கட்டாயம் வேண்டும்.

மேல் டேங்கிலிருந்து சோலாருக்கென்றே தனி லைன் வந்தால் அவ்வளவு கட்டாயம் இல்லை. அங்கே இருக்கும் தொல்லை, சூடு மெல்ல மெல்ல மேல் டேங்குக்கு ஏறுவது மட்டும். சோலார் டேங்கில் நுழையும் முன் குளிர்நீர் பைப்பை அந்த வாய்க்குக் கீழே ஒன்றரை அடி இறக்கி மறுபடி ஏற்றினால் போதும், சூடு அந்த வளைவைத் தாண்டாது. தேயவும் அடைக்கவும் அதில் எதுவும் இல்லை. இடம் இருக்கிற வீட்டில் எந்த வால்வையும் விட இதுவே மேல்.

இனி கணக்கு. சோலார் டேங்கின் தலையை விட மேல் டேங்கின் அடி ஒரு அடியாவது உயரத்தில் இருக்கும்படிதான் பொதுவாக மாட்டுவார்கள். மேல் டேங்க் நிரம்பியிருக்கும்போது நாலைந்து அடி உயரம் கிடைக்கும். அடித்தண்ணீர் மட்டும் இருக்கும்போது கிடைப்பது அந்த ஒரு அடிதான், அதாவது 30 செ.மீ. ஸ்பிரிங் வால்வு திறக்க எவ்வளவு அழுத்தம் வேண்டும்? கடையில் கிடைக்கும் பித்தளை ஸ்பிரிங் வால்வுகளில் நல்லவை 0.02 பார் அளவில் திறக்கும், கொஞ்சம் இறுக்கமானவை 0.035 பாரில். பத்து மீட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு பார் என்பதால், 0.02 பார் என்றால் 20 செ.மீ., 0.035 பார் என்றால் 35 செ.மீ. கையில் இருப்பது 30, வால்வு கேட்பது 35. திறக்காது.

திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அடைப்பு என்று யாருக்கும் தோன்றாது. சுடுநீர் வந்துகொண்டுதான் இருக்கும். டேங்கின் மேல்பகுதி மட்டும் நிரம்பாமல் காற்றோடு நிற்கும். தகடு வகையில் கலெக்டரிலிருந்து சூடான நீர் திரும்பி வரும் பைப் டேங்கின் மேல்பாதியில்தான் நுழைகிறது. தண்ணீர் மட்டம் அந்த வாய்க்குக் கீழே இறங்கியதும் சுற்றோட்டம் நின்றுவிடும். கலெக்டர் கொதிக்கும், டேங்க் வெதுவெதுப்பிலேயே கிடக்கும். கம்பெனி ஆளைக் கூப்பிட்டால் "கலெக்டர் சுத்தம் பண்ணணும்" என்பார். சுத்தம் செய்யும் அன்று மேல் டேங்க் நிரம்பியிருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரியும். இரண்டு நாளில் பழைய கதைதான்.

வாங்கும் வால்வு எத்தனை செ.மீ.க்குத் திறக்கிறது என்று அட்டைப்பெட்டியில் அரிதாகத்தான் போட்டிருப்பார்கள். வீட்டிலேயே அளந்துவிடலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் ஒரு மீட்டர் எடுத்து, ஹோஸ் நிப்பிள் வைத்து வால்வின் நுழைவாயில் மாட்டுங்கள். வால்வின் உடம்பில் தண்ணீர் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி மேலே பார்க்க வால்வை நேராகப் பிடித்து, டியூபை யு போல வளைத்து வால்வின் பக்கத்திலேயே மேலே தூக்குங்கள். டியூபில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால் ஒரு கட்டத்தில் வால்வின் மேல்வாய் வழியாக வழியத் தொடங்கும். அந்த நொடியில் டியூபில் இருக்கும் நீர் மட்டம் வால்வின் மேல்வாயை விட எத்தனை செ.மீ. உயரமோ, அதுதான் அந்த வால்வு கேட்கும் விலை. 15-க்குள் இருந்தால் குளிர்நீர் லைனுக்குத் தாராளமாகப் போடலாம். 25-ஐத் தாண்டினால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். டியூபை மறுவாயில் மாட்டி ஒரு அடித் தண்ணீரைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால், பின்னால் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். கடையில் வாயால் ஊதிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. நம் மூச்சு அரை மீட்டர் தண்ணீரைச் சுலபமாகத் தள்ளும், இறுக்கமான வால்வும் ஊதினால் திறக்கத்தான் செய்யும்.

இப்போது வகைகள்.

என்.ஆர்.வி.க்குக் கடையில் செக் வால்வு என்றும் பெயர். ஹாரிசான்டல் செக் வால்வு என்று கேட்டால் கிடைப்பதில் உள்ளே ஒரு தட்டு கீலில் தொங்கும் வகைதான், ஃபிளாப் என்று பிளம்பர்கள் சொல்வது, மேல் டேங்குக்கும் சோலாருக்கும் நடுவே போட முதல் தேர்வு. தட்டு தொங்கிக்கொண்டிருப்பதால் சில செ.மீ. தண்ணீரே அதைத் தள்ளிவிடும். மேல்மூடியை ஸ்பேனரால் கழற்றினால் தட்டு கைக்கு எட்டும். அழுக்கைத் துடைத்து மூடிவிடலாம், பைப்பை வெட்ட வேண்டியதில்லை. இதன் குறை, பித்தளை மேல் பித்தளை உட்காரும் மாடல்களில் பின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது சொட்டுச் சொட்டாகக் கசியும். அதிக அழுத்தத்தில் நன்றாக அடைத்துக்கொள்ளும், ஒரு அடித் தண்ணீருக்கு அடைக்காது. அதனால் தட்டில் ரப்பர் முகம் வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். மூடி வானத்தைப் பார்க்கும்படி படுக்கை பைப்பில்தான் மாட்ட வேண்டும். தண்ணீர் கீழ்நோக்கி இறங்கும் பைப்பில் மாட்டினால் தட்டு எப்போதும் திறந்தே தொங்கும், வால்வு இருந்தும் இல்லாத கணக்குதான். சோலார் வேலையில் அதிகம் நடக்கும் தவறும் இதுதான், ஏனென்றால் மேல் டேங்கிலிருந்து பைப் இறங்கி வருகிற இடத்தில்தான் கை வைக்க வசதியாக இருக்கும்.

வெர்டிகல் செக் வால்வில் ஸ்பிரிங் இல்லாத வகை உண்டு. ஒரு தட்டு தன் எடையால் உட்காரும், நீர் ஏறும்போது தூக்கிக்கொள்ளும். 40 கிராம் தட்டு, 20 மி.மீ. வாய் என்றால் திறக்க ஏறத்தாழ 13 செ.மீ. தண்ணீர் வேண்டும். ஃபிளாப்பை விடக் கொஞ்சம் கனம், ஸ்பிரிங்கை விட இலகு. சோலார் டேங்கில் நுழையும் முன் குளிர்நீர் பைப் மேல்நோக்கி ஏறும் இடம் இருந்தால் அங்கே நன்றாக உட்காரும். படுக்கையாகப் போட்டால் வேலை செய்யாது.

ஸ்பிரிங் வால்வை எந்தப் பக்கம் திருப்பியும் மாட்டலாம், நன்றாக அடைக்கும், சத்தம் வராது. ஆனால் உயரம் கேட்கும். அதனால் இதற்கு உரிய இடம் வேறு, கீழே வருகிறது. வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். நடுவில் நகரும் பூ வெள்ளை அல்லது கருப்பு பிளாஸ்டிக்காக இருந்தால் சுடுநீர் லைனுக்கு வேண்டாம். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங், இ.பி.டி.எம். ரப்பர் என்று இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு அம்பு மேலே பார்க்க மாட்டும் குறுக்குவழி ஒன்று பிளம்பர்களிடம் உண்டு. பித்தளைப் பூ என்றால் அது ஒழுங்காகவே வேலை செய்யும். பிளாஸ்டிக் பூ எடை போதாமல் சாய்ந்து நின்றுவிடும்.

சுடுநீர் லைனுக்கான பிளாஸ்டிக்கான சிபிவிசி-யிலேயே செய்த வால்வுகளும் வருகின்றன. சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும், உப்புத் தண்ணீருக்கும் அஞ்சாது. யூனியன் (பைப்பை வெட்டாமல் கழற்றி மாட்டும் இணைப்பு) உள்ள மாடலாக இருந்தால் மட்டும் வாங்கலாம். சால்வென்ட் போட்டு ஒட்டிவிட்டால் பிறகு ஒரு துரும்பு சிக்கினாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சாதாரண பிவிசி வால்வும், போர்வெல் லைனுக்கு விற்கும் ஃபுட் வால்வும் இந்தப் பக்கமே வரக் கூடாது. கண்ணாடிக் குழாய் வகை டேங்கில் கோடையில் 80 டிகிரி சர்வசாதாரணம். பிவிசி 60-லேயே இளகத் தொடங்கிவிடும். குளிர்நீர் லைன்தானே என்று அங்கே போடுவதும் தப்பு, சோலார் டேங்க் பக்கத்து இரண்டடிக்கு அந்த லைனும் சூடாகும்.

பிராண்டைப் பொறுத்தவரை, ஜோலோட்டோ, லீடர், சான்ட் மூன்றும் ஜலந்தரில் செய்து வரும் வால்வுகள். நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கும். எந்தப் பெயரானாலும் வார்ப்பின் மேல் ஐ.எஸ். 778 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். செம்புக் கலவை கேட், குளோப், செக் வால்வுகளுக்கான இந்தியத் தர எண் அது. ஒரே கம்பெனியிலேயே ஃபிளாப்பும் உண்டு, ஸ்பிரிங்கும் உண்டு என்பதால் பெயரை மட்டும் சொல்லி வாங்குவதில் பிரயோஜனம் இல்லை. கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை), பித்தளை இரண்டும் கிடைத்தால், போர்வெல் தண்ணீர் வீட்டுக்குக் கன்மெட்டல். பித்தளையில் துத்தநாகம் கரைந்து போய் உடம்பு செம்பு நிறமாகி, கை அழுத்தத்துக்கே பொடியும் வியாதி உண்டு. கன்மெட்டல் அதற்கு எளிதில் இடம் கொடுக்காது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோவைக்காரர்கள் இந்தக் கவலையைப் பாதி மறந்துவிடலாம்.

அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். முக்கால் இன்ச் லைனில் ஒரு இன்ச் ஃபிளாப் போட்டு இருபுறமும் ரெடியூசர் (அளவு குறைக்கும் இணைப்பு) வையுங்கள். சில நூறு ரூபாய் சாமானில் ஒரு அளவு ஏற்றுவதால் குடி முழுகாது. திறந்திருக்கும்போது வால்வு விழுங்கும் அழுத்தம் கணிசமாகக் குறையும்.

சுடுநீர்ப் பக்கத்தில் வேறு கதை. பாத்ரூம் குளிர்நீர் லைனுக்குப் பிரஷர் பம்ப் வைத்து, சுடுநீரைச் சோலாரிலிருந்து சும்மா இறக்கும் வீடுகள் இப்போது அதிகம். சுடுநீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாயான மிக்ஸரின் இரண்டு குமிழும் திறந்திருந்து, வெளியே போகும் வாய் மட்டும் அடைபட்டிருந்தால், இரண்டு பார் அழுத்தத்தில் நிற்கும் குளிர்நீர் மிக்ஸருக்குள்ளேயே குறுக்கே பாய்ந்து சுடுநீர் லைனில் ஏறி சோலார் டேங்குக்குப் போய்விடும். அடையாளங்கள் மூன்று: ஏர் வென்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும், யாரும் குழாய் திறக்காதபோதே பம்ப் விட்டு விட்டு ஓடும், காலையில் சுடுநீர் இருக்காது. எந்த பாத்ரூம் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு பாத்ரூமிலும் சுடுநீர் ஆங்கிள் வால்வை (சுவரில் லைனை மூடும் சின்ன வால்வு) ஒன்றொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் பம்ப் அமைதியாகிறதோ அதுதான் குற்றவாளி.

இதற்கு மொட்டை மாடியிலேயே சுடுநீர் லைனின் தொடக்கத்தில் ஒரு என்.ஆர்.வி. போட்டுவிடுவார்கள். வேண்டாம். டேங்க் ஒருமுறை காலியாகி நிரம்பினால் சுடுநீர் லைனில் காற்று மாட்டும். அந்தக் காற்று பைப்பிலேயே மேலேறி டேங்குக்குள் போய் வென்ட் வழியாக வெளியேறுவதுதான் இயல்பு. நடுவில் என்.ஆர்.வி. இருந்தால் வழி அடைபட்டு ஏர் லாக் ஆகும். கீழே குழாயைத் திறந்தால் உஸ் என்று சத்தம் மட்டும் வரும். மாடியில்தான் போட வேண்டும் என்றால் வால்வுக்கு அடுத்தாற்போல் ஒரு டீ வைத்து, அதிலிருந்து அரை இன்ச் வென்ட் பைப்பை மேல் டேங்கின் நீர் மட்டத்துக்கு மேலே தனியாக ஏற்றலாம். ஆனால் பம்ப் அழுத்தம் குறுக்கே வந்தால் அந்தப் பைப்பும் ஊற்றும், போட்ட காரியமே வீண். எனவே சரியான இடம் ஒவ்வொரு மிக்ஸரின் சுடுநீர் நுழைவாய், அதாவது ஆங்கிள் வால்வுக்கும் கனெக்‌ஷன் பைப்புக்கும் நடுவில். இங்கே அரை இன்ச் ஸ்பிரிங் வால்வு தாராளமாகப் போடலாம். மாடிக்கு நேர் கீழே உள்ள பாத்ரூமிலும் மூன்று மீட்டர் உயரம் கிடைக்கிறது, அதில் 30 செ.மீ. போனால் ஷவரில் தெரியாது. சுவருக்குள் புதைக்கும் மிக்ஸரான டைவர்ட்டர் என்றால் டைல் ஒட்டும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

குளிர்நீர் லைனில் வால்வு போட்டதும் வரும் முதல் புகார், "மத்தியானம் ஆனா வென்ட்ல சொட்டுது" என்பது. வால்வு கெட்டுப் போகவில்லை. 200 லிட்டர் தண்ணீர் 25-லிருந்து 75 டிகிரிக்குச் சூடாகும்போது நாலரை லிட்டர் பெருகும். முன்பு அந்த நாலரை லிட்டர் சத்தமில்லாமல் மேல் டேங்குக்குத் திரும்பிப் போனது. இப்போது வால்வு தடுக்கிறது, வென்ட்தான் ஒரே வழி. 20 மி.மீ. பைப் ஒரு மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர்தான் கொள்ளும் என்பதால் மீதி வெளியே வழியத்தான் செய்யும். வென்டின் வாயைக் கீழே வளைத்து ஒரு பக்கெட்டில் விடுங்கள், அல்லது மேல் டேங்குக்குள்ளேயே திருப்பி விடுங்கள். சொட்டுகிறது என்று வென்டை எண்ட் கேப் போட்டு அடைப்பது மட்டும் கூடவே கூடாது. இப்படி அடைத்து டேங்க் உப்பி வெல்டிங் விட்டுப் போவது புதிதல்ல. வென்டே இல்லாத பிரஷர் டேங்க் மாடலில் என்.ஆர்.வி. போட்டால் பக்கத்தில் அழுத்தம் மிஞ்சினால் வெளியே விடும் பிரஷர் ரிலீஃப் வால்வு இல்லாமல் விடவே கூடாது.

எங்கே போடவே கூடாது என்பதையும் சொல்லிவிடலாம்: கலெக்டருக்கும் டேங்குக்கும் நடுவே. பம்ப் இல்லாத சிஸ்டத்தில் தண்ணீரைச் சுற்றவைப்பது சூட்டு நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் உள்ள எடை வித்தியாசம் மட்டுமே. 40 டிகிரி நீருக்கும் 70 டிகிரி நீருக்கும் ஒரு மீட்டர் உயரத்தில் கிடைக்கும் தள்ளுவிசை 14 மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமம். செ.மீ. கூட அல்ல. எந்த ஸ்பிரிங்கும் அதற்கு அசையாது, ஃபிளாப்பும் சரியாகத் திறக்காது. ராத்திரியில் சூடு திரும்பிப் போகாமல் இருக்க டேங்க் கலெக்டருக்கு மேலே இருப்பதே போதும். டேங்கைக் கீழ்த்தளத்திலோ பரணிலோ வைத்துப் பம்ப் மூலம் சுற்றவிடும் சிஸ்டத்தில் மட்டும் அந்த லைனில் என்.ஆர்.வி. அவசியம். இல்லாவிட்டால் ராத்திரி டேங்கின் சூட்டு நீர் தானாக மேலேறிக் கலெக்டரில் ஆறி இறங்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் விடிவதற்குள் டேங்க் ஆறிவிடும். பம்பின் வெளிவாய்க்கு அடுத்து ஒரு ஸ்பிரிங் வால்வு போதும், பம்புக்கு 35 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை.

மாட்டும்போது வால்வின் இருபுறமும் யூனியன், மேல் டேங்க் பக்கம் ஒரு பால் வால்வு, அதற்கடுத்து அழுக்கை வடிக்கும் ஒய் ஸ்ட்ரெயினர். சிபிவிசி லைனில் பித்தளைத் திருகு பதித்த அடாப்டர்தான் போட வேண்டும். பிளாஸ்டிக் மரையில் பித்தளை வால்வை முறுக்கினால் சூடு ஏறி இறங்கியதும் விரிசல் விடும். டெஃப்லான் டேப்பை மரை சுற்றும் திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று. டேப்பின் வால் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அதுவே போய் தட்டின் அடியில் உட்கார்ந்துகொள்ளும். புது லைன் என்றால் வால்வை மாட்டும் முன் ஒரு பக்கெட் தண்ணீரை லைன் வழியாக வெளியே விட்டுவிடுங்கள், பைப் அறுத்த தூளெல்லாம் போய்விடும்.

கடின நீர் ஊரில் வருடம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். தட்டில் வெள்ளைச் செதில் படிந்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து அரை மணி நேரம் ஊறப் போட்டால் நுரைத்து விட்டுவிடும். ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள், பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள், இரண்டும் பித்தளையையே அரிக்கும். ரப்பர் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற நேரம் வந்துவிட்டது. வேலை முடிந்து டேங்கை மறுபடி நிரப்புவது சூரியன் வருவதற்கு முன்பு அல்லது பொழுது சாய்ந்து குழாய்கள் ஆறிய பிறகு. நடுப்பகலில்தான் பிளம்பர் கிடைத்தார் என்றால் முதலில் குழாய்களின் மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்தி, மாலை வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.